நான் தூங்கிப்போன படம்

அந்தப் படம் வருகிற செய்தியை என் மகள்தான் முதலில் காட்டினாள். நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, "ம்மா, உன் கப்பல்காரங்க திரும்பி வராங்க பாரு" என்றாள். ஈரக்கையோடு எட்டிப் பார்த்தேன். கறுப்பு வானம். அதில் அந்தப் பழைய கலம், நசுங்கிய மூக்கோடு அப்படியே இருந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது என்றெல்லாம் எழுத ஆசைதான். உண்மையில் என் வாயிலிருந்து வந்தது, "எந்த ஷிப்ட்ல வருதாம்?" என்பதுதான். எந்தத் தேதி என்று கேட்க நினைத்தேன், வாய் தவறிவிட்டது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வருஷம் எனக்கு எல்லாமே ஷிப்ட்டாகத்தான் இருந்தது.

நான் ஏழாவதோ எட்டாவதோ படித்தபோது ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கேபிள் டிவியில் வந்த தொடர் அது. வெளிநாட்டில் எடுத்ததைத் தமிழில் பேசவைத்துப் போட்டார்கள். விண்வெளியில் பழுதாகி நிற்கிற நிலையங்களைத் தேடிப் போய்ச் சரிசெய்துவிட்டு வருவதுதான் அந்தக் கலத்தின் வேலை. சண்டை அபூர்வமாகத்தான் வரும். பெரும்பாலும் ஏதாவது உடைந்திருக்கும், அதை ஒட்டவைப்பார்கள். கலத்தின் தலைவர் அதிகம் பேசமாட்டார். வைத்தியர் எதற்கெடுத்தாலும் பயப்படுவார். அப்புறம் அவள், மெக்கானிக். கலத்தின் அடிவயிற்றுக்குள் முழங்கையால் ஊர்ந்து போவாள். ஒயரைப் பல்லால் கடித்து உரித்து முறுக்குவாள். "இன்னும் கொஞ்சம் தாங்கு, கண்ணு" என்று எந்திரத்தோடு பேசுவாள். தமிழில் அவளுக்குக் குரல் கொடுத்தது யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜலதோஷம் பிடித்த மாதிரி லேசாகக் கரகரக்கும் குரல். எனக்கு அவள் என்றால் அந்தக் குரல்தான்.

மண்ணூரில் எங்கள் வீட்டில் அப்போது கேபிள் கிடையாது. எதிர்வீட்டில் இருந்தது. அவர்கள் ஞாயிறு காலையில் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போய்விடுவார்கள். போகும்போது என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுப்பார்கள். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தவேண்டும், அதுவரை டிவி பார்த்துக்கொள்ளலாம். ஆறு பேர் இருந்த எங்கள் வீட்டில் எனக்குத் தனியாக உட்கார இடம் கிடையாது. அந்த ஞாயிறுகளில் ஒரு முழு வீடும், ஓடுகிற மோட்டார் சத்தமும், அந்தக் கலமும் எனக்கே எனக்கென்று இருந்தன. பல தடவை தொட்டி வழிந்திருக்கிறது. அவர்கள் ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு வாரம் அந்தத் தொடர் வரவில்லை. அந்த நேரத்தில் சமையல் நிகழ்ச்சி போட்டார்கள். அடுத்த வாரமும் அதேதான். கலம் எங்கோ பாதி வழியில் நின்றுபோனது. எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது, ஒரகடத்தில் வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, மகள் பிறந்தாள்.

கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துத் தருகிற கம்பெனியில் இருக்கிறேன். பெரிய போர்டு ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். நாங்கள் அதோடு நடந்தபடியே ஒயரைப் பதித்து, டேப் சுற்றி, கிளிப் மாட்டுவோம். சேர்ந்த புதிதில், நானும் அவள் செய்கிற வேலையைத்தானே செய்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. சில மாதங்களில் வித்தியாசம் புரிந்தது. அவளுக்கு லைன் நகராது. பாத்ரூம் போக அவள் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் வடக்குப்பட்டு, ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் குடியிருப்பது மண்ணூரில்தான். ஒரகடம் பக்கம் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கல்யாணமான புதிதில் நான் அந்தத் தொடரைப் பற்றிச் சொல்லப்போக, "டப்பா கப்பலு" என்று ஒரே வார்த்தையில் பேர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கே ஏதாவது ஓட்டை உடைசலாகக் கிடந்தாலும், "உன் டப்பா கப்பலு அங்க நிக்குது பாரு" என்பார்.

படம் வெளியானது. தமிழில் பேசும் படம் பூந்தமல்லி பக்கம் ஒரு மாலில் மட்டும் ஓடியது, அதுவும் காலைக் காட்சி மட்டும். அந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். லைனில் இரண்டு பேர் வரவில்லை என்று தினமும் ஓ.டி. வேறு. சூப்பர்வைசரிடம் ஒருநாள் லீவு கேட்டேன். என்னைவிட வயதில் சின்னவர்தான்.

"அக்கா, ஆடிட் இருக்குக்கா. அடுத்த வாரம் எடுத்துக்கோங்களேன்."

"அடுத்த வாரம் இருக்காதுப்பா."

"என்னக்கா விசேஷம்?"

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. விண்வெளிக் கப்பல் படம் பார்க்கவேண்டும் என்று பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணின் அம்மா எப்படிச் சொல்வது? "சொந்தத்துல ஒரு விசேஷம்" என்று இழுத்துவிட்டு வந்துவிட்டேன்.

லைனில் என் பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்குத் தென்காசிப் பக்கம். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். லீவு வேண்டாம், வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து நேராகப் போகப் போகிறேன் என்றேன்.

"எக்கா, விடிய விடிய நின்னுட்டு ஏசில போய் உக்காந்தா ஒறங்கிருவீயக்கா."

"நானா? மோட்டார் போட்டுட்டு நான் பாத்த படம்மா அது. தூங்கவே மாட்டேன்."

"அது என்னக்கா மோட்டாரு?" என்றாள். போர்டு நகர்ந்துவிட்டது. சொல்ல நேரமில்லை.

வியாழக்கிழமை காலை கம்பெனி பஸ் என்னை மண்ணூரில் இறக்கிவிட்டபோது அவர் பைக்கோடு நின்றுகொண்டிருந்தார். செகண்ட் ஷிப்ட்டும் ஓ.டி.யும் முடித்துவிட்டு விடியும்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தன.

"நீங்க வூட்ல படுங்க. நான் பஸ்ல போய்க்கிறேன்."

"எந்த பஸ்ஸு இப்ப கரெக்டா வருது? ஏறு. நானும் வரேன்."

"உங்களுக்குப் புடிக்காதே."

"ஏசில உக்காந்துகினு இருக்கப்போறேன், அவ்ளோதான. ஏறுன்றேன் இல்ல."

வீட்டில் முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினோம். தண்டலத்தில் ஹைவே ஏறியதும் கன்டெய்னர் லாரிகள், புதுக் கார்களை இரண்டு தட்டாக அடுக்கிப் போகிற நீள வண்டிகள். அந்தக் கார்களுக்குள் நான் சுற்றிய டேப் எங்கேயாவது இருக்கும் என்று எப்போதும் தோன்றும். அன்று அதைக்கூட நினைக்கத் தெம்பில்லை. செம்பரம்பாக்கம் தாண்டும்போது ஏரிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது. நெற்றியை அவர் முதுகில் வைத்துக்கொண்டேன்.

"பின்னாடி தூங்கிடாத, வுயுந்துடுவ" என்று கத்தினார்.

"தூங்கல."

"அப்ப ஏதாவது பேசிகினே வா."

என்ன பேசுவது? கலம் எங்கே நின்றுபோனதோ அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே போனேன். காற்றில் அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது.

தியேட்டரில் கூட்டமே இல்லை. சில கல்லூரிப் பையன்கள் இருந்தார்கள். எங்கள் வரிசையில் என் வயதுக்காரர் ஒருவர் தனியாக வந்திருந்தார். அவருடைய பனியனில் அந்தக் கலம் அச்சடித்திருந்தது. அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், நீங்களும் பழைய ஆளா? சண்டே காலைல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"நான் இல்லபா. இவங்க."

அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த சந்தோஷத்தை என்னால் மறக்கமுடியாது. அந்தத் தொடரைப் பார்த்த இன்னொரு ஆளை அவரும் அதுவரை சந்தித்ததில்லை போலிருக்கிறது. "படம் முடிஞ்சதும் பேசலாம் மேடம்" என்றார். எனக்கும் தொண்டை வரைக்கும் பேச்சு இருந்தது. அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

ஆரம்பம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலைவராக நடித்தவர் இப்போது உயிரோடு இல்லை. படத்தில் அவருடைய நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள். வைத்தியருக்கு முழுக்க நரைத்திருந்தது. பிறகு இரும்பு ஏணியில் இரண்டு கால்கள் இறங்கி வந்தன. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கம்பியைப் பிடித்து, நின்று நின்று இறங்கின. அவள்தான். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி தொங்கியது. முட்டி வலியோடு படியிறங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனி கேன்டீன் மாடியில் இருக்கிறது.

அவள் வாயைத் திறந்தாள். குரல் அவளுடையது இல்லை. சின்னப் பெண் ஒருத்தியின் இனிமையான, பளிங்கு மாதிரிக் குரல். தமிழில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு அவள் முகம் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு பழைய குரலை மனசுக்குள் வரவழைத்து, அதை இந்த முகத்தில் பொருத்திப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன்.

தோளை யாரோ அசைத்தார்கள். விளக்கெல்லாம் எரிந்தது. துடைப்பத்தோடு இரண்டு பேர் பாப்கார்னைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எழுந்திரு. முடிஞ்சிபோச்சி" என்றார் அவர்.

எனக்கு முதலில் புரியவில்லை. இடைவேளை என்று நினைத்தேன். திரை வெள்ளையாக இருந்தது. பனியன்காரர் வரிசையின் ஓரத்தில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"மேடம், இப்படிப் பண்ணிட்டாங்களே மேடம்" என்றார்.

"ஆமாங்க" என்றேன். என்ன பண்ணினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் என் வீட்டுக்காரர், "வரோம் சார், வண்டி வெயில்ல நிக்குது" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஏங்க என்ன எழுப்பல?"

"எழுப்பினேன். நீ எழுந்துக்கல."

"தண்ணி தெளிச்சி எழுப்ப வேண்டியதுதான? எத்தினி வருசமா காத்துகினு இருந்தேன்!"

"இன்னொருக்கா பாத்துக்கலாம்."

"எங்க பாக்கறது? இன்னிக்கோட தூக்கறாங்க."

நான் அங்கேயே, யாருடைய காருக்குப் பின்னாலோ நின்று அழுதேன். சினிமாவுக்காக அழுதேனா, அலுப்பில் அழுதேனா, எனக்கே தெரியவில்லை. நம்மைக் கேட்காமலே உடம்பு தூங்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய அவமானம் இல்லை என்று அப்போது தோன்றியது.

வழியில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். சாப்பாடு வந்தது. சாம்பாரைப் பிசைந்துகொண்டே அவராகவே ஆரம்பித்தார்.

"சரி, கதைய நான் சொல்றேன், கேளு. ஒரு ஸ்டேஷன்ல இன்ஜின் புட்டுக்கினுது. உன் மெக்கானிக்கு அத்த சரி பண்ணப் போறா."

"தனியாவா?"

"டாக்டரும் கூடப் போறாரு."

"அவருக்குத்தான் பயமாச்சே."

"பயந்துகினேதான் போறாரு. உள்ள ஒரே புகை. இவ கீழப் படுத்துகினு, பல்லால கடிச்சி ஒயர உரிக்கறா."

"இன்னமும் பல்லாலயா?"

"பின்ன? அந்த வயசுலயும் பல்லு நல்லா கீது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலே சொல்லுங்கள் என்றேன். அவர் நின்று நிதானித்துச் சொன்னார். எந்திரம் ஓடத் தொடங்கியதாம். எல்லாரும் பிழைத்தார்களாம். அதற்குப் பிறகு அவள் வேலையை விட்டுவிட்டாளாம்.

"வுட்டுட்டாளா?"

"ரிட்டயர்டு. ஊருக்குப் போறா. அவ அம்மா வூட்டு முன்னாடி ஒரு நாற்காலியப் போட்டுகினு, கால நீட்டி உக்காந்துகினு கீறா. யாரும் கூப்டல. நல்லா தூங்கறா. அவ்ளோதான், படம் முடிஞ்சிது."

"அவர் ஏன் அழுதாரு? அந்த பனியன் போட்டவரு?"

"அந்த சீனப் பாத்தா யாருக்கும் அழுகை வரும்" என்று அப்பளத்தை நொறுக்கினார்.

நான் நம்பினேன். அந்த முடிவு எனக்குப் பிடித்தும் இருந்தது. அதற்கப்புறம் சில வாரங்கள், லைனில் கால் வலிக்கும்போதெல்லாம் அந்த நாற்காலியை நினைத்துக்கொள்வேன்.

மழைக்காலம் வந்தபோது படம் ஏதோ ஒரு ஆப்பில் வந்திருக்கிறது என்று மகள் அதை என் போனில் இறக்கிக் கொடுத்தாள். பகல் ஷிப்ட்டுக்குப் போகிற பஸ்ஸில், மண்ணூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் துண்டு துண்டாகப் பார்த்தேன். குரல் பழகிப்போயிருந்தது. கதை அவர் சொன்ன மாதிரி இல்லை. வைத்தியர் அவளோடு போகவே இல்லை. அவள் தனியாகத்தான் போனாள். கம்பெனி கேட் கண்ணுக்குத் தெரிந்த நேரம், போனில் ஒரு கதவு மூடிக்கொண்டது. அவள் உள்ளே இருந்தாள். கதவைத் திறந்தால் கலத்தில் இருக்கிற மற்ற எல்லாரும் சாகவேண்டும். அவள் திறக்கவில்லை. கண்ணாடியைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டு எந்திரத்தின்மேல் சாய்ந்தாள்.

பஸ் நின்றது. பின்னாலிருந்தவர்கள் இறங்கச் சொல்லி முதுகைத் தட்டினார்கள். இறங்கிப் போய் வருகைக் கார்டைப் பஞ்ச் பண்ணினேன்.

"எக்கா, கண்ணு என்ன இப்படிச் செவந்திருக்கு?" என்றாள் தென்காசிப் பெண்.

"தூசு" என்றேன். அன்று முழுவதும் என் போர்டில் ஒரு தப்பும் வரவில்லை. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அவ செத்துட்டா."

"எவ?"

"மெக்கானிக்."

அவர் துணியை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "பாத்துட்டியா?"

"ரிட்டயர்டுன்னீங்க. நாற்காலின்னீங்க."

வாளியைக் காலால் ஓரமாக நகர்த்தினார். அப்புறம் சொன்னார். "நான் மட்டும் இன்னா முழிச்சிகினா இருந்தேன்? நீ எம்மேல சாஞ்சதும் எனக்கும் கண்ணு சொக்கிடுச்சி. ஏதோ சத்தம் கேட்டு முழிச்சிப் பாத்தா படத்துல எல்லாரும் வரிசையா நிக்கறானுங்க, அவ போட்டோ கீது. புரிஞ்சிபோச்சி. நீ தூங்கி எழுந்து முழிச்ச முழி இருக்கே, அதுல போயி இத்த எப்படிச் சொல்றது?"

"அந்த நாற்காலி? அவ அம்மா வூடு?"

"அது நான் சொன்னதா? நீ சொன்னதுதான்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் குடோனில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல் வீட்டில் படுத்திருந்தார். பேசுவதற்கு வேறொன்றும் கிடைக்காமல் நான் அந்தத் தொடரின் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றில், வேலையை விட்டால் என்ன செய்வாய் என்று தலைவர் அவளைக் கேட்பார். அம்மா வீட்டு முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்காருவேன் என்பாள். நான் சொல்லும்போது என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தார். ஒரு தடவைகூட ம் கொட்டியதில்லை. கேட்கிறார் என்றே நான் நினைக்கவில்லை.

கோபமாகப் பேசவேண்டும் என்று வந்தவளுக்கு அது மறந்துபோனது. வாசல் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"நான் இன்னும் முழுசா பாக்கல" என்றேன். "அவ சாஞ்சதோட பஸ்ஸு நின்னுடுச்சி. அதுக்கப்பறம் பாக்கப் புடிக்கல."

"கடைசிய மட்டும்தான் நான் பாத்தேன்" என்றார். "சொல்லட்டா?"

"மறுபடியும் கதை வுடாதீங்க."

"இல்ல. பாத்தத சொல்றேன்."

கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த முறை அவர் ஒன்றையும் சேர்க்கவில்லை, அவசரப்படவும் இல்லை. எல்லாரும் நின்றார்கள். வைத்தியர் பேச வந்தார், பேச வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த வைத்தியரே ஏணியில் கீழே இறங்கிப் போனார். இருட்டில் தடவித் தடவி ஏதோ ஒரு பிடியை இழுத்தார். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவை கலத்தின் எந்திரம் ஓடியது. கலம் கிளம்பியது.

"அப்பறம்?"

"அவ்ளோதான். பேரு ஓடுச்சி."

அந்தக் கடைசிப் பகுதியை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கலாமே என்று மகள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் சொன்னதே போதும் என்று இருக்கிறது.

அன்று அவர் எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு, "அடுத்த படம் வந்தா முன்னாடியே சொல்லு. ரெண்டு பேரும் லீவு போட்டுத் தூங்கிட்டுப் போலாம்" என்றார்.

"அடுத்த படம் எப்படி வரும்? அவளே இல்ல."

"மத்தவங்கள்லாம் கீறாங்க இல்ல" என்று சொல்லிவிட்டு, பைக்கின் சக்கரத்தில் தண்ணீரை ஊற்றினார்.